மீட்டர்காரரின் ஆறு நிமிடம்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடித் தாழ்வாரம் முப்பது மீட்டர் நீளம். இந்த முனையில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அந்த முனையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே, ஓடாமல், ஆறு நிமிடம் போய்ப் போய் வர வேண்டும். நானூறு மீட்டரைத் தொட்டால் டாக்டர் கையெழுத்துப் போடுவார், குடிநீர் அலுவலகம் மீட்டர்காரருக்கு அவருடைய தெருக்களைத் திருப்பித் தரும். தொடாவிட்டால் ஓய்வு பெறும்வரை நாற்காலிதான்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் "மீட்டர்காரர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடு. வாசலில் நின்று, குனிந்து, தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணை எழுதி, மூடியைக் காலால் தள்ளிவிட்டு அடுத்த வாசல். இருபது எட்டு வைத்தால் ஒரு நிற்பு. இந்த நடையில் எத்தனையோ செருப்பு தேய்ந்திருக்கிறது, அவர் தேய்ந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது ரத்தம் கொடுக்கப் போனபோது. கூட வேலை செய்பவரின் அறுவைச் சிகிச்சைக்காகக் கையை நீட்டிவிட்டு வந்தார். நாலாம் நாள் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, உங்கள் ரத்தம் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார்கள். சிறு வயதில் அவர் படுத்துறங்கிய வீட்டின் மண்சுவர் வெடிப்புகளில் ஒரு பூச்சி குடியிருந்திருக்கிறது. தூங்குகிறவர்களின் முகத்தைத் தேடி வந்து கடிக்கும் பூச்சி. அதன் எச்சத்திலிருந்து உள்ளே போன ஒட்டுண்ணி நாற்பது வருடம் சத்தம் போடாமல் இருந்துவிட்டு, இதயத் தசையைத் தின்று வைத்திருந்தது. ஸ்கேனில் இதயம் வீங்கியிருந்தது. துடிப்பில் வலு குறைந்திருந்தது.

"பெரிய மனசுக்காரர்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றான் மைத்துனன். வேறு யாரும் சிரிக்காததால் அவனே சிரித்து முடித்தான்.

மேட்டுத் தெருவில் போன மழைக்காலம் தொட்டே மூச்சு வாங்கியதை அப்போதுதான் அவர் சொன்னார். அலுவலகம் அவரைப் புகார் கவுண்ட்டரில் உட்கார வைத்தது. வீட்டில் மனைவி அவருடைய ஷூவைத் துணியில் சுற்றி அலமாரி மேல் போட்டாள். அவள் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். எட்டு மணி நேரம் நின்று படுக்கை விரிப்பு தேய்த்துவிட்டு வந்து, அவருக்குத் தண்ணீர்கூடத் தானே மொண்டு கொடுத்தாள். எட்டு மாதம் அப்படிப் போனது. அவர் தடுக்கவில்லை. கொடுத்ததைக் குடித்தார்.

"கோபமா இருக்கா?"

"இல்ல."

"வருத்தமா?"

"ஒண்ணும் தெரியல. மரத்துப்போன காலை நீ கிள்ளிப் பாக்கற மாதிரி இருக்கு."

இதய நோயாளிகளை நடக்கவைக்கும் பிரிவு ஒன்று ஆஸ்பத்திரியில் இருப்பதை டாக்டர்தான் சொன்னார். கூம்புக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றது அங்கே வேலை செய்யும் பிசியோ மேடம். "உங்களால முடிஞ்ச வேகம். மூச்சு முட்டினா நிக்கலாம். கடிகாரம் மட்டும் நிக்காது. போங்க."

போனார். தாழ்வாரத்தின் இடது பக்கம் பதினோரு கதவுகள். மேடம் மூன்றாவது சுற்றில்தான் கவனித்தாள். ஒவ்வொரு கதவருகிலும் அவருடைய நடை ஒரு நொடி தயங்கியது. முழங்கால் லேசாக மடங்கியது, பார்வை வாசலின் தரைக்குப் போனது, பிறகு அடுத்த கதவு. பதினோரு தடவை முழுதாக, அதற்கு மேல் பதினெட்டு மீட்டர். மொத்தம் முந்நூற்று நாற்பத்தெட்டு.

"எதுக்கு ஒவ்வொரு கதவுகிட்டயும் நின்னீங்க? மூச்சு வாங்குச்சா?"

"நிக்கலையே மேடம்."

"நின்னீங்க சார். குனிஞ்சு வேற பாத்தீங்க."

பெஞ்சிலிருந்து மனைவி சொன்னாள்: "அவர் மீட்டர் தேடறாரு மேடம்."

வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, எழுதவந்த பேனாவை நிறுத்தினாள். தூரம் குறைந்தது இதயத்தாலா, பழக்கத்தாலா? அவருக்கே தெரியவில்லை. பன்னிரண்டு வாரம் பயிற்சி, பிறகு இதே தாழ்வாரத்தில் மறுபடியும் ஒரு தடவை என்று முடிவாயிற்று.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "எட்டு மாசமா அசையாதீங்க அசையாதீங்கன்னு காவல் காத்தேன் டாக்டர். இப்ப நடக்கச் சொன்னா?"

"தலைதெறிக்க ஓடச் சொல்லலம்மா. அளவா நடக்கட்டும். உக்காந்தே இருந்தா மிச்சம் இருக்கற தெம்பும் போயிடும்" என்றார் டாக்டர். "நடக்கும்போது பேச முடியணும். பேச்சு உடைஞ்சா வேகத்தைக் குறைக்கணும். தலை சுத்தினாலோ நெஞ்சு படபடத்தாலோ அங்கேயே நிறுத்திட்டு இங்க வரணும். அவ்வளவுதான்."

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியின் டிரெட்மில்லில், ஓடாமல், நடந்தார். மார்பில் ஒயர்கள், எதிரே சுவர். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். அவர் எப்போதும் நாலு என்றார்.

"உங்களுக்கு எல்லாமே நாலுதானா சார்?"

"ஆமா மேடம். சாப்பாடும் நாலுதான்."

மற்ற நாட்களில் மனைவியோடு தெருவில் அரை மணி. அலமாரி மேலிருந்து ஷூவை அவளே இறக்கிக் கொடுத்தாள். சிக்கல், பேச்சில் வந்தது. அவர் பேசுகிற ஆளே இல்லை.

"ஏதாவது பேசுங்க. வாயைத் திறந்தாத்தானே மூச்சு வாங்குதான்னு தெரியும்."

"என்ன பேச?"

"இருபத்தி நாலு வருஷமா என்கிட்ட பேசறதுக்கு ஒண்ணுமே சேரலையா உங்களுக்கு?"

யோசித்தார். பிறகு கையைக் காட்டினார். "நாப்பத்திரெண்டு. மூடி உடைஞ்சது. நாப்பத்தி நாலு, நாய். கடிக்காது, ஆனா கடிக்கற மாதிரியே வரும். நாப்பத்தாறு, புருஷன் பொண்டாட்டிக்குப் பேச்சு கிடையாது. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து எவ்வளவு ஓடியிருக்குன்னு கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணுதான்."

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். மேடு தொடங்கும் எழுபதாம் எண் வீட்டருகே சொற்கள் துண்டுதுண்டாக வந்தபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏழாம் வாரம் அது எண்பதாம் எண் வரை போனது. பத்தாம் வாரமும் எண்பதுதான்.

பன்னிரண்டாம் வாரம். அதே கூம்புகள். "கதவைப் பாக்காதீங்க சார், கூம்பை மட்டும் பாருங்க" என்றாள் மேடம்.

அவர் கூம்பை மட்டும் பார்த்தார். ஒரு கதவருகிலும் தயங்கவில்லை. நாலு நிமிடம் நேர்கோடு போட்டதுபோல் போனார். ஐந்தாம் நிமிடத்தில் தோள் ஏறி இறங்கத் தொடங்கியது, எட்டு குறுகியது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தபோது பதின்மூன்று தடவை முடித்து, கூம்பைச் சுற்றி ஒரு மீட்டர் வந்திருந்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

அவர் சுவரில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சாக்குச் சொல்ல இந்த முறை கதவுகளும் இல்லை.

"ஒம்போது மீட்டர்தானே மேடம்" என்றாள் மனைவி மெதுவாக. "மணி கொஞ்சம் முன்னாடியே அடிச்சிருக்கும். பன்னெண்டு வாரம் மாடு மாதிரி நடந்திருக்காரு."

மேடம் வாசலைப் பார்த்தாள். டாக்டர் வர இன்னும் நேரமிருந்தது. பேனா தாளுக்கு மேல் நின்றது. நானூறு என்று எழுதினால் யார் டேப் வைத்து அளக்கப் போகிறார்கள்?

மீட்டர்காரரின் தொழிலில் தினமும் நடக்கும் கெஞ்சல் இது. கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, யாருக்குத் தெரியப் போகுது. காப்பி கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், அழுதும் கேட்டிருக்கிறார்கள்.

"ஓடினதைத்தான் எழுதணும் மேடம்" என்றார். மூச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. "இன்னிக்குக் குறைச்சாலும் கூட்டினாலும் அடுத்த மாசம் மீட்டர் காட்டிக் குடுத்துடும். மேட்டுத் தெருவுல நான் விழுந்தா, தூக்கறதுக்கு நீங்க அங்க இருக்க மாட்டீங்க."

மேடம் எழுதினாள். மனைவி திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

டாக்டர் தாளைப் படித்தார். முன்னேற்றம் நல்ல முன்னேற்றம், பயிற்சியை விடக் கூடாது, ஆனால் தெரு வேண்டாம் என்றார். அவர் தலையாட்டினார். படியிறங்கும்போது மனைவி, "அழணும்னா அழுதுடுங்க" என்றாள். "வரல" என்றார். உண்மையாகவே வரவில்லை.

திங்கட்கிழமை காலை, அவருடைய தெருக்களை வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். வேறு வட்டத்தில் ஆறு வருடம் மீட்டர் பார்த்தவள். எந்த வீட்டில் மூடி இறுகிப் போயிருக்கும், எங்கே தேள் இருக்கும், எங்கே மணி அடித்தாலும் திறக்க மாட்டார்கள் என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து மூடி தூக்கும் கொக்கியை எடுத்து நீட்டினார்.

"இது வேண்டாம் சார். நாங்க ஸ்க்ரூ டிரைவர்லயே நெம்பிடுவோம்."

"அதுல விரல் நசுங்கும்மா."

"நசுங்காது சார், பழக்கம்தான்."

அவள் போனாள். படியில் இரண்டிரண்டாக இறங்கும் சத்தம் கேட்டது. அவர் கொக்கியை உள்ளே வைத்து இழுப்பறையைத் தள்ளினார். கவுண்ட்டரில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். முதலில் நின்றவர், போன மாதத்தைவிட இரண்டு மடங்கு வந்திருக்கிறது, இது என்ன நியாயம் என்று கத்திக்கொண்டே தண்ணீர் பில்லை நீட்டினார்.

அவர் வாங்கிப் படித்தார்.