தீனி போடாத குளம்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் அவருடைய உதவும் குணத்தையும் பொறுமையையும் பற்றி எழுதித் தந்திருக்கிறார்கள். தங்கை என்ற முறையில், அவர் வாழ்வில் நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரர் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட அப்பா திரும்பவில்லை. அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மலாக்காவுக்கு வந்து, காஜா பேராங்கில், மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுப் பாசாரில் மீன் கூடை தூக்கினார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையானது அந்த உழைப்பில்தான்.

நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில், நகருக்கு வெளியே மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக்காகக் குளங்கள் வெட்டினார்கள். அண்ணனுக்கு அங்கே வேலை கிடைத்தது. குளக்கரையிலேயே குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். அம்மா காலமான பிறகு நானும் அண்ணன், அண்ணியோடு அங்கேதான் இருந்தேன்.

அப்போது கெண்டை மீனுக்குப் புதுத் தீவனம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், மரவள்ளி மாவு எல்லாவற்றையும் பிசைந்து, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இட்டுத் திரித்து, சின்னக் குச்சிகளாக உடைத்து வெயிலில் காயவைப்பார்கள். ஒரு குளத்துக்கு இந்தக் குச்சித் தீவனம். அடுத்த குளத்துக்கு வெறும் தவிடு. மூன்றாவதற்கு எதுவும் கிடையாது. அதிலுள்ள மீன்கள் தண்ணீரில் தானாக விளைவதைத் தின்றே வளர வேண்டும். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால்தான் தீவனத்தின் பலன் தெரியும். அதை வைத்துத்தான் கம்பங்களில், அதாவது கிராமங்களில், மீன் வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்வார்கள்.

அந்த ஆண்டு அண்ணிக்கு முதல் குழந்தை பிறந்து, சில நாளில் இறந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் அண்ணி யாரோடும் பேசவில்லை. அண்ணன் வேலைக்கும் நான் பள்ளிக்கும் போய்விடுவோம். அண்ணி பகல் முழுவதும் தனியாகக் குளக்கரையில் உட்கார்ந்திருப்பார். வெளியே வந்து உட்காருகிறாரே என்று எங்களுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

வலை போட்டு மீன்களை எடைபோட்ட அன்று, அண்ணன் குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தார். தீனி போடாத குளத்து மீன்கள் குச்சித் தீவனம் தின்ற மீன்களுக்குச் சமமாக இருந்தனவாம். குளத்தில் விளைவதே போதும், தீவனத்துக்குச் செய்யும் செலவு வீண் என்று துவான் மேலிடத்துக்கு எழுதப் போகிறார் என்றார். துவான் என்று அவர் சொன்னது நிலையத்தின் தலைவரான ஆங்கிலேய அதிகாரியை.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தாங்க போட்டேன்," என்றார். "மிச்சச் சோறு, தேங்காச் சக்கை, எல்லாம். என் நெழலு விழுந்தாலே வாயத் தொறந்துகிட்டு வருதுங்க. எனக்குத் தாங்கல."

அண்ணன் சாப்பிட்டு முடித்தார். அப்போது அவருக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைக்க இருந்தது. நான்தான், "சொல்லித்தான் ஆகணுமா அண்ணே? யாருக்கும் தெரியாதே," என்றேன்.

"இத நம்பிக் கம்பத்துக்காரங்க தீனி போடாம வளத்தாங்கன்னா, அவங்க மீனுல்ல மெலிஞ்சு போகும்," என்று சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

துவானிடம் அவர் மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். துவான் கோபப்படவில்லை என்று பிறகு அறிந்தோம். அண்ணி என்னென்ன போட்டார் என்று மட்டும் கேட்டுவிட்டு, குளங்களை இறைத்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியிருந்தது. காஜா பேராங்குக்கே திரும்பினோம். அண்ணன் அங்கிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். போன பதவியைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

இரண்டாவது சோதனையில் குச்சித் தீவனம் தின்ற மீன்கள் நன்றாகப் பெருத்திருந்தன. அண்ணன் அதை வந்து சொன்னபோது அண்ணி, "தீனி போடாத குளத்து மீனு?" என்று கேட்டார்.

"மெலிஞ்சுதான் இருக்கு," என்றார் அண்ணன்.

அண்ணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குழந்தை இறந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதன்பின் அவர்களுக்கு ஓர் ஆணும் இரு பெண்களும் பிறந்தார்கள். அண்ணன் ஓய்வு பெறும்வரை அதே குளங்களில் வேலை செய்தார். கடைசியில் மூச்சுத்திணறல் வந்து, சிலகாலம் படுக்கையில் இருந்து, பிள்ளைகள் சூழ வீட்டிலேயே கண்மூடினார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், கேட்டபோதெல்லாம் கார் கொண்டுவந்த குருபோங்கில் இருக்கும் மருமகனுக்கும், இறுதிச் சடங்கன்று சமையல் பொறுப்பை ஏற்ற செமாபோக் ஊர் உறவினர்களுக்கும், வாசலில் பந்தல் போட்டுத் தந்த செட்டி அண்டைவீட்டாருக்கும், அண்ணனோடு வேலை செய்து, தள்ளாத வயதிலும் வந்து நின்ற மலாய் நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தச் சம்பவத்தை எழுதலாமா என்று அண்ணியிடம் முன்கூட்டியே கேட்டேன். அவர் சொன்னார்: "எழுது தங்கச்சி. அன்னிக்கு அவுங்க என்னைய ஒரு வார்த்த திட்டல. அதையும் சேத்து எழுது."

சேர்த்துவிட்டேன்.