அப்பா சாகாத அனாதைப் படம்

பேசும் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற வேலையைப் போல நன்றிகெட்ட வேலை வேறு கிடையாது. படம் பிடித்தால் நடிகருக்குப் பேர். புரியாவிட்டால் நமக்கு வசை. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், மலாக்கா காஜா பெராங் சாலையில் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் நான் அந்த வேலை பார்த்தேன். வெள்ளைக்காரன் படங்களை ஜப்பான்காரன் முழுதாகத் தடுப்பதற்கு முந்தைய நாட்கள். ஆங்கிலப் படம் ஓடும். நான் திரைக்கு இடப்புறம் நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, கதையை முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் சொல்வேன். கூட்டத்தின் முன்னால் நின்று பிழைத்த யாருக்கும் இந்தப் பாடு தெரியும்.

வேலையை விடவும் முடியாது. வேலைச் சீட்டு இல்லாத ஆணை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். என் சீட்டில் ‘படம் விளக்குபவர்’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. சட்டைப் பையை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

சவப்பெட்டி மாமா

கொட்டகையில் கிழியாமல் மிஞ்சியிருந்தது ஒரே படம். சிறுவர் கதைப் புத்தகங்களிலிருந்து எடுத்த குடும்பப் படம். கப்பல் மூழ்கி அப்பா அம்மாவை இழந்த நான்கு பிள்ளைகள், சவப்பெட்டி செய்கிற மாமாவிடம் வந்து சேர்கிறார்கள். அவருக்குப் பிள்ளைகளின் சொத்துமேல் கண். ஞாயிறுதோறும் நால்வரையும் வரிசையாக நிறுத்தி நாடாவால் அளப்பார். செய்து வைத்த பெட்டி தனக்குப் பத்தாமல் போகட்டும் என்று கடைக்குட்டி நுனிக்காலில் நிற்பாள். சிரிப்பதற்காகத்தான் எடுத்திருந்தார்கள்.

முதல் நாள் நானும் மாமாவை அரக்கனாக்கிக் குரலை உயர்த்திப் பார்த்தேன். யாரும் பயப்படவில்லை. செமாபோக்கிலிருந்து வந்த தச்சர் ஒருவர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “ஆளுக்கு ஒரு பெட்டியா? இங்க பலகையே கெடைக்காம பாயில சுத்திப் பொதைக்கிறோம். அந்த மாமா நல்ல மனுசன்யா.”

கஞ்சி

மாமாவின் கொடுமையைக் காட்டும் உச்சக் காட்சி, பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் கஞ்சி ஊற்றுவது. ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்த சமயம். ‘ஐயோ பாவம், வெறும் கஞ்சி’ என்று நான் உருகினேன். கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. இரக்கம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உருகினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்: “அண்ணே, அந்தக் கஞ்சி ஊத்துற எடத்த மறுபடி போடச் சொல்லுங்க. கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது பாத்தீங்களா?”

அஞ்சலையின் கேள்வி

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். புருஷனை லாரியில் ஏற்றிப் போனபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு டவுனுக்கு வந்துவிட்டாள். சயாமிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வாரம் தவறாமல் மத்தியான ஆட்டத்துக்கு வருவாள். தோட்டத்துப் பெண்களுக்கு மலாய் அவ்வளவாக ஓடாது. என் தமிழுக்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் கப்பல் மூழ்கியதும் ‘அப்பாவும் அம்மாவும் இறந்துபோனார்கள்’ என்று வழக்கம்போலச் சொன்னேன். அஞ்சலை எழுந்து நின்றாள். “கப்பல் முழுகினதத்தான் காட்டுனாங்க. பொணத்தக் காட்டலியே. நீங்களா எப்படிண்ணே செத்துட்டாருன்னு சொல்றீங்க?”

அடுத்த ஆட்டத்தில், தமிழில் மட்டும், அப்பாவைக் காணவில்லை, தேடுகிறார்கள் என்றேன். அதற்கடுத்த வாரம் அவர் ஒரு தீவில் கரையேறினார். கடைசிக் காட்சியில் துறைமுகத்தில் ஒருவன் பயணப் பெட்டியோடு தூரத்தில் நடந்து போவான். ‘இவர்தான் அப்பா. பிள்ளைகளை இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிடுவார்’ என்று முடித்தேன். பின்வரிசை ஆரவாரம் செய்தது. கடைத்தெருத் தமிழ் தெரிந்த எங்கள் சீன முதலாளி வாசலில் என்னை நிறுத்தினார்: “போன வாரம் இவன் மூட்டை தூக்குற ஆளு. இந்த வாரம் எப்படி அப்பா ஆச்சு?”

தமிழ் தெரிந்தவர்

ஒவ்வொரு படத்துக்கும் ஜப்பான்காரன் முத்திரை குத்திய கதைத் தாள் உண்டு. அதை மீறிப் பேசினால் சீட்டு போய்விடும். என் தாளில் பெற்றோர் இருவரும் இறந்திருந்தார்கள். ஒரு நாள் ஜப்பானிய அதிகாரி சோதனைக்கு வந்தார். தமிழைச் சரிபார்க்க, அதே சாலையில் இருக்கும் செட்டி கம்பம் என்ற குடியிருப்பிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, பெயர் பிள்ளை. தமிழ் தெரிந்தவர் என்று நம்ப அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிகள் கோயிலுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள், வீட்டில் பேசுவது மலாய். இது ஊருக்கே தெரியும். ஆனால் அக்கம்பக்கத்தில் பழகித் தமிழ் கற்றவர்களும் ஓரிருவர் உண்டு. இவர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

கப்பல் மூழ்கியது. மலாயில் தாளில் உள்ளபடி இருவரையும் கொன்றேன். முன்வரிசை மலாய்க்காரர்கள் மூக்கு உறிஞ்சினார்கள். இனித் தமிழ். பின்வரிசையில் அஞ்சலையின் சின்ன மகள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரக் குழாய் வியர்வையில் வழுக்கியது. “அம்மா போய்விட்டாள். அப்பாவைத் தேடுகிறார்கள்” என்றேன்.

அதிகாரி பிள்ளையின் பக்கம் திரும்பினார். பிள்ளை கண்ணை மூடி, கச்சேரி கேட்கிறவர் போலத் தலையை ஆட்டினார். கடைசிவரை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் சீட்டில் புது முத்திரை விழுந்தது.

அதிகாரியின் கார் போனதும் பிள்ளை என்னிடம் வந்து மலாயில் பேசினார். “தம்பி, எனக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்று சொன்னால் என் வேலைச் சீட்டும் போய்விடும். அது கிடக்கட்டும். முன்னால் இருந்தவர்கள் அழுதார்கள், பின்னால் இருந்தவர்கள் அழவில்லை. ஏன்?”

சொன்னேன். அவர் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “இந்தப் படத்துக்கு அடுத்த கதைத் தாளை அதிகாரி என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். மலாயிலும் அப்பாவைக் காணவில்லை என்றே இருக்கட்டும். என் மகனும் சயாமில்தான் இருக்கிறான்.”

யுத்தம் முடிந்து நான் பத்திரிகை வேலைக்குப் போனபோது நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்றார்கள், அது கைவர எனக்கு வெகுநாள் பிடித்தது.