பல்லில் வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு, ஒரு புது லேப்டாப்பின் மேல்.

மூன்று மணிக்கு எனக்கு நேர்காணல். பிள்ளை பிறந்ததும் விட்ட வேலை. ஆறு வருஷம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒன்று கிடைக்கும்போல இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று போன் செய்கிறவர்களுக்குத் தமிழில் வழி சொல்கிற வேலை. சொந்த லேப்டாப் வேண்டும், நேர்காணலும் அதில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இது தப்பினால் இன்னொன்று எப்போது வருமோ.

கழுகுமலை ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் முந்தின நாள் வாங்கினோம். லேப்டாப் தனி. உள்ளே மாட்டுகிற எஸ்எஸ்டி, அதாவது எல்லாம் பதிகிற டிரைவ், தனி. சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. “நானே மாட்டி, நானே விண்டோஸ் போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். என் கை எதையும் மறக்கவில்லை என்று வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டாமா? அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “எஸ்எஸ்டி மேல இருக்க ஸ்டிக்கர மட்டும் தொட்டுறாதீங்கம்மா. அழுக்காச்சுன்னா வாரண்டி கிடையாது.”

காலையில் எல்லாவற்றையும் கோமதி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். பிறகு பெட்டியோடு வந்த அட்டையில் எழுதியிருந்தபடி, லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றி, எஸ்எஸ்டியைச் சரித்துச் செருகி, கடுகு மாதிரி இருந்த திருகாணியை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். விண்டோஸ் இருந்த பென்டிரைவைச் சொருகினேன். திரை வெளிச்சமானது. எந்த டிரைவில் போடவேண்டும் என்று கேட்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. ‘டிரைவ் எதையும் காணோம்’ என்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி அதே. நாலு தடவை.

ஜவுளிக்கடையிலிருந்து சாப்பிட வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “பேசாம நேத்தே அண்ணாச்சிட்ட மாட்டிக் குடுக்கச் சொல்லிருக்கலாம்லா?”

வந்ததே ஆத்திரம்! “சோறு சட்டியில இருக்கு, போட்டுத் தின்னுங்க” என்று சொல்லிவிட்டு, நேராக அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“நல்லா இருக்கா அண்ணாச்சி இது? செத்துப்போன சாமானப் புதுசுன்னு தலையில கட்டிட்டியளே! மூணு மணிக்கு என் பொழப்பே இதுலதான் இருக்கு, நான் யாருட்ட போயி நிக்க?”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்கிய நேரத்தில் மெதுவாகச் சொன்னார்:

“யம்மா, கோவப்படாதீங்க. அதக் கழத்தி, அந்தப் பல்லு இருக்குல்லா, சொருகுற ஓரத்துல, தங்கக் கலர்ல, அதப் பாருங்க. தூசி கீசி இருந்தா பென்சில் ரப்பர வச்சு பைய தேச்சு மாட்டுங்க.”

“நேத்துப் பிரிச்ச சாமான்ல எங்கன அண்ணாச்சி தூசி?” என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன். ஆனாலும் கழற்றினேன். வேறு என்ன வழி?

பல் வரிசையில், நட்ட நடுவில், மஞ்சளாய்க் காய்ந்த சந்தனம். அதன் மேல் சிவப்பாய்க் குங்குமம். நானேதான் வைத்தது. ஸ்டிக்கரில் படக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து ஓரத்தில் வைத்திருக்கிறேன். செருகும்போது கண்ணில் படத்தான் செய்தது. மிக்ஸியிலிருந்து பீரோ வரை பொட்டு வைத்தே பழகிய கண்ணுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

வீட்டுக்காரர் கையில் சோற்றோடு சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. “நல்லா வேணும்” என்றேன். பிள்ளையின் பையிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்த்தேன், ஊதினேன், மாட்டினேன். டிரைவ் வந்து நின்றது! அப்பாடா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. விண்டோஸ் ஏறி முடிக்கும்போது மணி இரண்டே முக்கால்.

நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டார்கள். புதிதாக வாங்கிய பொருள் செத்துவிட்டது என்று ஒருவர் போனில் கத்துகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

“கத்தி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிடுவேன் சார். அப்புறம் கழற்றிப் பல்லைப் பார்க்கச் சொல்லுவேன். தப்பு அவங்களோடதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்.”

திங்கட்கிழமையிலிருந்து வேலை என்றார்கள். உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“வேலை கிடைச்சிட்டு அண்ணாச்சி. மனசுல வச்சுக்காதீங்க, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அது தூசி இல்ல, நான் வச்ச சந்தனம்.”

“தெரியும்மா.”

“எப்படி?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. ஸ்டிக்கரத் தொடாதீங்கன்னு சொன்னதே நான்தான். பெறகு நீங்க வேற எங்கன வைப்பிய?”