மூக்கில்லாத டீசல்

எஞ்சின் என்றால் மூக்கு நீளமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் விட்டுப்போன சின்ன மாடல் ரயில் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. இரண்டு மேஜை நீளத்துக்குத் தண்டவாளம், நாலு பெட்டி, ஒரு மோட்டார். மலைக்கு ரயிலே கிடையாது என்பதால், அடிவாரத்துக் கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வருகிற ஒரு லைனை நானே கற்பனை செய்துகொண்டேன். கீழே ஓடும் மீட்டர் கேஜ் டீசலை வளைவுகளுக்கு ஏற்ப மாற்றி, அந்த லைனுக்கென்று ஒரு மலை டீசல் வரைய ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அக்காவும் அவள் கணவரும் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். மச்சான் டீசல் டிரைவர். ஆளில்லாத ஒரு ரயில்வே கேட்டில், சைக்கிளில் வந்த ஒருவர் அவர் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். மச்சான் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். லீவு முடிய மூன்று வாரம் இருந்தது. திரும்ப டூட்டிக்குப் போவாரா என்பதுதான் எல்லோர் மனதிலும். ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்கா மட்டும் தினமும் வெள்ளனே எழுந்து அவருடைய காக்கி உடுப்பைக் கொடியில் உலரப் போட்டாள். பனிமூட்டத்தில் அது இன்னும் ஈரமானதுதான் மிச்சம்.

எஞ்சின் பேச்சில் இழுத்துவிட்டால் மனிதர் தேறிவிடுவார் என்று கணக்குப் போட்டு, என் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பின்னால் டிரைவர் கேபின், அதற்கு முன்னால் எஞ்சினை மூடிய நீண்ட மூக்கு. எனக்கே பெருமையாக இருந்தது.

வெகுநேரம் பார்த்தார்.

"இதுல உக்கார்றவனுக்கு முன்னாடி என்ன தெரியும் மாப்ள?"

"சன்னல் இருக்குல்ல மச்சான்."

"சன்னல் இருக்கு" என்றவர், பென்சிலைக் கேட்டு வாங்கினார்.

முதல் நாள் மூக்கின் உயரத்தைக் குறைத்தார். அடுத்து அதைச் சரிவாக்கினார். பிறகு கேபினை முன்னால் நகர்த்தினார். தினமும் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வரும்போது புதுப் படம் ஒன்று தயாராக இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார். அக்கா என்னைத் தனியாக இழுத்து, "மனுசன் தெளிவா இருக்காருல்ல தம்பி, டூட்டிக்குப் போயிருவாருல்ல?" என்று கேட்டாள். போய்விடுவார் என்று அடித்துச் சொன்னேன்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கையில் கடைசிப் படத்தைக் கையில் கொடுத்தார். நாலு பக்கமும் கீழ்வரை கண்ணாடி. மூக்கே இல்லை. என் எஞ்சினை மீன்தொட்டி ஆக்கிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"டீசல் எஞ்சின எங்க வைக்கிறது மச்சான்? இது எப்படி ஓடும்?"

"ஓடாது."

"பெறகு எதுக்கு இத்தன நாளா உக்காந்து வரைஞ்சீங்க?"

"எப்படி இருந்தா நான் ஏறி உக்காருவேன்னு பாத்தேன் மாப்ள" என்றார். "இப்படி இருந்தாத்தான் ஏறுவேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்திலேயே இருந்தும் நான் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அடுப்படிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப லெட்டர் எழுதிரு" என்றாள். "எஞ்சின் ஷெட்டுலயே ஏதாச்சும் ஒரு சோலி குடுக்கச் சொல்லி எழுது."

முதலில் தமிழில் எழுதிக் காட்டினேன். 'உடல்நலக் குறைவு காரணமாக இனி வண்டி ஓட்ட இயலாத நிலையில்' என்று ஆரம்பித்திருந்தேன். மச்சான் நிதானமாகப் படித்துவிட்டு, 'உடல்நலக் குறைவு' என்பதை அடித்து, மேலே 'பயம்' என்று எழுதினார்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "இப்படி எழுதுனா ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்."

மறுநாள் பள்ளி ஆபீஸில் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் விரல் நின்றது. உடம்பு சரியில்லை என்றே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, அவர் எழுதியபடியே அடித்தேன்.