தரையில் ஒரு கட்டில்

“படுங்க சார், கூச்சப்படாதீங்க” என்று தரையைக் காட்டினார் தச்சர். சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் ஒரு கட்டில். ஆர்டர் கொடுக்கப் போன நான் சலவைச் சட்டையோடு அதில் மல்லாந்தேன். “ஒரு தடவை புரளுங்க.” புரண்டேன். “பாத்தீங்களா, கீழ விழுந்துட்டீங்க!” என்று கோட்டை அழித்து, ஆறு அங்குலம் தள்ளி வரைந்தார்.

போன வருடம் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கைகால் பிழைத்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். “தலைப்பாகையோட எங்க போச்சு? உள்ளயும் கொஞ்சம் அள்ளிக்கிட்டுப் போச்சு” என்கிறார் இவர். முன்பெல்லாம் கண்ணை மூடினால் பீரோ கைப்பிடியோடு தெரியுமாம். “இப்ப இருட்டு சார். படம் ஓடாத தியேட்டர்ல டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கேன்.” அதனால்தான் எல்லாவற்றையும் தரையில் வரைகிறார்.

சொற்களும் இடம் மாறிவிட்டன. சுத்தியலைக் கேட்க நினைத்தால் மாமியார் என்றுதான் வாயில் வருகிறது. “அந்த மாமியாரை எடு” என்பார். “எங்கம்மா உங்களை என்ன பண்ணாங்க?” என்றபடி மனைவி சுத்தியலை நீட்டுவார். அவர் இல்லாவிட்டால் இவர் பேச்சு ஒருவருக்கும் விளங்காது.

அன்று பார்த்து, நிஜ மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். மனைவி பையும் கையுமாக வந்து நின்றார். “நாலு நாள்தாங்க. சமாளிச்சுக்குவீங்கல்ல?”

தச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. “நீ அடுத்த ரூமுக்குப் போனாலே உன் முகம் எனக்கு வரமாட்டேங்குது. நாலு நாளா?”

“போட்டோ இருக்கே.”

“அதுல நீ இத்தனூண்டு இருக்க.”

என்னை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கட்டிலிலேயே கிடந்தேன்.

“சுவரோட நில்லு” என்று சாக்பீஸை எடுத்தார். அந்த அம்மாள் வயிற்றை எக்கிக்கொண்டார். “மூச்சை விடு, அளவு தப்பாயிடும்.” கொண்டை, தோள், தொங்கும் பை என்று சுற்றி வரைந்து முடித்தார்.

“கண்ணு, மூக்கெல்லாம்?”

“சட்டம் நின்னா போதும். மீதியை இழைச்சுக்கிறேன்.”

சிரித்துக்கொண்டே போன மனைவி, தெருமுனையில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தச்சர் வேலையில் குனிந்தார். “மாமியாரை எடு” என்று பழக்கத்தில் கையை நீட்டினார். அப்புறம்தான் ஆள் இல்லை என்பது உறைத்தது. நான் பதறி எழுந்து சுத்தியலைக் கொடுத்தேன். ஒரு கையில் வாங்கிக்கொண்டார். மறு கையைச் சுவரில் இருந்த தோளின்மேல், கோடு கலையாதபடி மெல்ல வைத்துக்கொண்டார்.