ஆழம் பார்க்கிறவர்

இன்று காலை உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில், எனக்கும் எங்கள் தோட்டத்துப் பாக்கியம் அக்காவுக்கும் நடுவில் காற்சட்டை போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

“என்ன வேலைங்க?” என்று கேட்டேன்.

“ஆழம் பார்க்கிறது” என்றார்.

தோட்டத்துச் சனங்களில் யார் யாரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று அரசாங்கம் பேர் எழுதிக்கொண்டிருக்கும் காலம் இது. எங்களை ஆழம் பார்க்க வருகிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் இப்படி வாய்விட்டே சொன்ன ஒருவரை இன்றுதான் பார்த்தேன்.

அவர் சிரித்தார். “கடல்லங்க. கப்பல்லருந்து தண்ணிக்குள்ள ஒரு சத்தத்தை அனுப்புவோம். அது தரையில பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை வச்சு ஆழம் தெரியும். பாறைன்னா கணீர்னு திரும்பும். சேறுன்னா சத்தம் அமுங்கிப்போயிடும்.”

“மாத்தளையில ஏதுங்க கடலு?” என்றார் அக்கா.

“டவுன்ல மச்சான் வீடு இருக்கு. லீவுல போறேன்.”

நல்ல பதில்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அக்காவுக்கு இந்தியாவுல எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டார்.

“நான் மாத்தளை வரைக்கும்தாங்க” என்றார் அக்கா.

அதன்பிறகு பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டவுனுக்குப் போவதாகச் சொன்னவர், டவுன் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டார்.

அக்கா என் காதோரம் குனிந்தார். “சத்தம் அனுப்பிப் பார்த்தாரு தம்பி. சேறுன்னு எழுதிக்கிட்டுப் போகட்டும்.”

மாத்தளை டவுனில் அப்படி ஒரு மச்சான் இருக்கிறாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் ஊரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.