நெய்னா பாயின் பல்பு

வடுவூர்ல நெய்னா முகம்மதுகிட்ட வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா, உடனே பானெட்டைத் தூக்க மாட்டாரு. முதல்ல ஒரு கேள்வி கேப்பாரு. கடைசியா இந்த வண்டியில என்ன வேலை செஞ்சீங்க? பதில் வர்ற வரைக்கும் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒரு பழைய பேட்டரிப் பெட்டி மேல உக்காந்திருப்பாரு. அவசரத்துல வந்தவனுக்குப் பத்திக்கிட்டு வரும். எனக்கும் வந்துச்சு. நான் ஐயாவு, எங்க ஊரு குத்தகை விவசாயிகள் சங்கச் செயலாளர். எனக்குக் கோபம் மூக்கு மேலேயே நிக்கும்னு ஊரே சொல்லும், அது பொய்யில்லை.

பாய்க்குச் சொந்த ஊரு கூத்தாநல்லூர். பன்னெண்டு வருஷம் ஒரு பஸ் கம்பெனி ஷெட்ல எலக்ட்ரீஷியனா இருந்தாரு. ஒருநாள் மேனேஜர் வந்து, பழுது எங்கேன்னு தேடிக்கிட்டு நிக்காதே, ரெண்டு ஒயரை முறுக்கிக் கட்டி வண்டியை வெளியே அனுப்புன்னு சொல்லியிருக்கான். இவரு திருப்புளியை அவன் மேஜையில வச்சுட்டு, அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துட்டாரு. அப்புறம் வடுவூர் ரோட்டோரம் ஒரு கீத்துக் கொட்டகை போட்டாரு. பிழைக்கத் தெரியாத மனுஷன்னு சொந்தக்காரங்களே சிரிச்சாங்க. ஒரே வருஷத்துல மத்தவங்க கைவிட்ட வண்டியெல்லாம் தஞ்சாவூர்லேருந்து அந்தக் கொட்டகைக்கு வர ஆரம்பிச்சுது. பாய் அதைப் பெரிசா சொல்லிக்க மாட்டாரு. சம்சாரம் நஃபீசா குடுக்குற டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு, எங்கேயோ ஒரு இடத்துலதானே இருக்கும், எங்கே போயிடப் போகுதுன்னு மட்டும் சொல்லுவாரு.

நான் அவரைப் பாத்தது எழுபத்திமூணு ஆடி மாசம். அன்னைக்குப் பதினோரு மணிக்கு மன்னார்குடி தாலுகா ஆபீஸ்ல எங்க ஊரு அம்சவல்லி அக்காவுக்கு விசாரணை. அக்கா சாகுபடி பண்றது ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர். புருஷன் செத்து ஏழு வருஷமா ஒத்தை ஆளா அந்த நிலத்தைக் காப்பாத்திக்கிட்டு வந்தாங்க. குத்தகைக்காரன் பேரைப் பதிவு பண்ணணும்னு கவர்மெண்டு சட்டம் போட்டதும், பண்ணையார் பக்கம் ஒரே போடாப் போட்டுட்டாங்க. இந்தம்மா குத்தகைதாரரே இல்லை, எங்க பண்ணையில கூலிக்கு நட்ட பொம்பளைன்னு. ரசீது இருக்கான்னா எங்கே இருக்கும்? எந்தப் பண்ணையில ரசீது எழுதிக் குடுத்தான்? ஏற்கெனவே ரெண்டு வாய்தா வீணாப்போச்சு. மூணாவது தடவையும் வரலைன்னா மனு தள்ளுபடின்னு தாசில்தார் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

சாட்சின்னு இருந்தது ஒரே ஆளு, பஞ்சநதம். பண்ணையில பத்து வருஷம் லாரி ஓட்டுனவன். வருஷா வருஷம் அக்கா களத்துலேருந்து குத்தகை நெல்லை ஏத்திப் பண்ணை வீட்டுல இறக்குனது அவன்தான். போன வருஷம் அந்த வேலையை விட்டுட்டு, ஒரு பழைய வேன் வாங்கி ஓட்டிக்கிட்டிருந்தான். முன்னால மூக்கு நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்தக் காலத்து வேன். அதுலதான் அக்காவோட எட்டுப் பேரு சங்கக் கொடியைக் கட்டிக்கிட்டு ஜம்முன்னு கிளம்புனோம்.

நாலு மைல் போயிருப்போம். வண்டி வேகம் பிடிச்சதும் பொட்டுன்னு நின்னுபோச்சு. அந்த வண்டியில எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஃப்யூஸ்தான், அது எரிஞ்சு கெடந்துச்சு. பஞ்சநதம் வேற மாட்டுனான், ஓடுச்சு. மறுபடி வேகம் பிடிச்சதும் நின்னுச்சு. மூணு ஃப்யூஸும் காலியாகி, கடைசி ஒரு மைலை நாங்களே தள்ளிக்கிட்டு வந்து பாய் கொட்டகையில நிறுத்துனோம். மணி ஒன்பதே முக்கால். காலை பஸ் போயாச்சு, அடுத்த பஸ் பன்னெண்டுக்குத்தான்.

பாய் அந்தக் கேள்வியைக் கேட்டாரு. ஆறு மாசமா வண்டியில கை வைக்கலைன்னு பஞ்சநதம் சொன்னான். பாய் என் பக்கம் திரும்பி என்னையும் கேட்டாரு. நான் என்ன மெக்கானிக்கா? ஒண்ணும் செய்யலை பாய், சீக்கிரம் பாருங்கன்னு சொன்னேன்.

அவரு ஃப்யூஸ் இருந்த இடத்துல ரெண்டு ஒயர் வச்ச ஒரு பல்பை மாட்டுனாரு. சுவிட்சு எல்லாத்தையும் அணைச்சுட்டா பல்பு எரியக் கூடாது. எரிஞ்சா, கரண்டு எங்கேயோ தோல் கிழிஞ்ச ஒயர் வழியா வண்டித் தகரத்துல இறங்குதுன்னு அர்த்தம். பல்பு எரியலை. பாய் ஒவ்வொரு ஒயரா ஆட்டிப் பாத்தாரு, சீட்டுக்கு அடியில படுத்துப் பாத்தாரு, எங்களை வண்டிமேல ஏறிக் குதிக்கச் சொன்னாரு. அப்பவும் எரியலை. மணி பத்தாச்சு. மொத்தக் கம்பியா ஒண்ணை வச்சுக் கட்டிவிடுங்க பாய், எரியவே எரியாதுன்னு சொன்னேன். ஃப்யூஸ் எரியாது, வண்டி எரியும்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு வேலையைப் பாத்தாரு.

அப்பதான் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நிக்கிறப்ப நல்லா இருக்குற வண்டி ஓடறப்ப மட்டும் எப்படிச் சாகும்? பத்து வருஷம் பண்ணைச் சோறு தின்னவன்தானேன்னு தோணிடுச்சு. பஞ்சநதம் சட்டையைக் கொத்தாப் பிடிச்சேன். எவ்வளவு வாங்குனே, யாருகிட்ட வாங்குனேன்னு கத்துனேன். மேல் பட்டன் தெறிச்சு விழுந்துச்சு. அவன் சாவியை மண்ணுல போட்டுட்டு, ஊரைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டான்.

புளியமரத்தடியில மஞ்சப்பையோட உக்காந்திருந்த அக்கா எழுந்து வந்தாங்க.

"என் நிலத்துக்குன்னு இருந்த ஒரே வாய் அவன்தான் ஐயாவு. அதையும் அடைச்சுட்டியேப்பா."

நான் குனிஞ்சு மண்ணுல கெடந்த சாவியை எடுத்தேன்.

பாய் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. பல்பையே பாத்துக்கிட்டு யோசிச்சவரு, கொட்டகைக்குள்ள பழுது வரலைன்னா பழுது வர்ற இடத்துக்கே போவோம், ரோட்டுக்குத் தள்ளுங்கன்னாரு. தள்ளுனோம். கொட்டகை மறைப்பைத் தாண்டினதும் ஏரி மேல வர்ற ஆடிக் காத்து சும்மா ஆளையே தள்ளுச்சு. கொடி படபடன்னு அடிச்சுது. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது.

காத்து தணிஞ்சதும் பல்பு அணைஞ்சுது. மறுபடி அடிச்சுது, மறுபடி எரிஞ்சுது. பாய் பானெட்டு ஓரமா நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடிச்சு ஒரு பக்கமா சாய்ச்சாரு, எரிஞ்சுது. விட்டாரு, அணைஞ்சுது. கம்பைப் பிடிச்சபடியே இதை யாரு கட்டுனதுன்னு கேட்டாரு.

நான்தான். கயித்துல கட்டினா சாயுதுன்னு, காலையில ஆசாரிகிட்ட ஒரு நீள ஸ்க்ரூ வாங்கி, மட்கார்டு தகரத்துல துளை போட்டு முடுக்கியிருந்தேன். தகரத்துக்குப் பின்னால ஹாரன் ஒயர் போகுது. ஸ்க்ரூ மூக்கு ஒயர் தோலுக்குள்ள போய் நின்னிருக்கு. காத்து கம்பை இழுக்கும்போதெல்லாம் அது உள்ள இருக்குற செம்புக் கம்பியைத் தொட்டிருக்கு.

"அதைத்தானேண்ணே நான் முதல்லயே கேட்டேன்."

"கொடி கட்டுறதெல்லாம் வண்டி வேலையில சேத்தியா பாய்?"

அவரு திருப்புளியை எடுத்தாரு. நான் ஓடினேன். வேட்டி அவுந்து விழாத குறைதான். ஏரிக்கரைத் திருப்பத்துல பஞ்சநதத்தைப் பிடிச்சு, முன்னால போய் நின்னு கும்பிட்டேன். ஸ்க்ரூ முடுக்குனது நான், பழியைப் போட்டது உன்மேல, அக்காவுக்காக வாடான்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு. என்னை ஏற இறங்கப் பாத்தான்.

"உன் மூஞ்சிக்காக வரலை. நெல்லு ஏத்துனவன், அதுக்காக வர்றேன்."

நாங்க திரும்பி வரும்போது மணி பத்தேகால். பாய் ஸ்க்ரூவைக் கழட்டி, ஒயருக்கு டேப் சுத்தி, புது ஃப்யூஸ் மாட்டி முடிச்சிருந்தாரு. கொடி வேணும்னா கையில பிடிச்சுக்கங்கன்னு கம்பை என்கிட்ட நீட்டுனாரு. மன்னார்குடி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே போனேன். தோள்பட்டை கழண்டுபோச்சு. ஒருத்தரும் மாத்திப் பிடிக்கறேன்னு சொல்லலை.

பதினோரு மணிக்கு அக்கா பேரைக் கூப்பிடும்போது வாசல்ல நின்னோம். பஞ்சநதம் சாட்சி சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சங்கத்துக்காரங்க உனக்கு என்ன குடுத்துக் கூட்டியாந்தாங்கன்னு கேட்டாரு. அவன் என்னைக் கை காட்டினான்.

"காலையில இவரு என்னைப் பண்ணை ஆளுன்னு சொல்லி சட்டையைப் பிடிச்சாருங்க. பாருங்க, பட்டன் இல்லை. இப்ப நீங்க என்னைச் சங்கத்து ஆளுங்கறீங்க. நான் யாரு ஆளும் இல்லீங்க. ஆறு வருஷம் அந்தம்மா களத்துலேருந்து குத்தகை நெல்லு ஏத்துனேன், அதைச் சொல்ல வந்தேன்."

தாசில்தார் அந்தச் சட்டையை ஒரு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் பேனாவை எடுத்து எழுதுனாரு. அடுத்த மாசம் பதிவேட்டுல சாகுபடிதாரர்னு அம்சவல்லி அக்கா பேரு ஏறிடுச்சு.

சேதி சொல்ல அக்காவே வடுவூருக்குப் போனாங்க. பாய் சந்தோஷமாத் தலையாட்டிட்டு, வந்து நின்ன ஒரு லாரிக்காரன்கிட்ட வழக்கமான கேள்வியைக் கேக்கப் போயிட்டாராம். இப்ப அந்தக் கேள்வி கொஞ்சம் நீண்டுபோச்சு. என்ன வேலை செஞ்சீங்க, கொடி கிடி கட்டுனீங்களான்னு சேத்துக் கேக்குறாரு.

பஞ்சநதமும் நானும் இப்ப நல்லாத்தான் பேசிக்கிறோம். வாரத்துல ரெண்டு நாளாவது வீட்டுக்கு வருவான். என் வீட்டுக்காரி செவ்வந்தி எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டா, அந்தச் சட்டைக்குப் பட்டன் வச்சுத் தைக்க மட்டும் அவன் விடலை. என் வீட்டுக்கு வர்ற அன்னைக்கு அதைத்தான் போட்டுக்கிட்டு வர்றான்.